ஆசனங்கள் மனதை என்ன செய்கின்றன?

யோகாசனம் செய்தால் மனம் அமைதி பெறும், கவனம் கூர்மையாகும் என்று எழுதாத யோகப் புத்தகம் கிடையாது. எப்படி என்று கேட்கும்போதுதான் சிக்கல். பழைய தலைமுறை ஆசிரியர்கள் சுழுமுனை, குண்டலினி என்று ஆரம்பிப்பார்கள். அதற்கடுத்த தலைமுறை நாளமில்லாச் சுரப்பிகளுக்கு வந்து சேர்ந்தது. சர்வாங்காசனம் தைராய்டைப் பிழிகிறது, சிரசாசனம் பிட்யூட்டரியைத் தட்டி எழுப்புகிறது என்ற விளக்கப் படங்களைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பார்த்திராதவர்கள் குறைவு. பிழிந்தால் சொட்டுவதற்குச் சுரப்பி என்ன ஈரத்துணியா? இரத்தத்திலும் நரம்பிலும் வரும் செய்திகளைப் பார்த்துத்தான் அது சுரக்கிறது.

விளக்கம் தவறு என்பதால் விளைவும் பொய் என்று ஆகிவிடாது. ஒரு மணி நேர வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது மனம் வேறு மாதிரி இருப்பதைச் செய்தவர்களில் பலர் உணர்ந்திருப்பார்கள். அந்த "வேறு மாதிரி" என்ன, அது உடம்பின் எந்த வழியாக வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த அளவுக்கு அதை நம்பலாம் என்பவற்றைப் பற்றிக் கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் கொஞ்சம் ஒழுங்கான ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. கடைசிக் கேள்வி முக்கியமானது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம், "அதையெல்லாம் நிறுத்திவிட்டு யோகா செய்" என்று அன்போடு சொல்லும் உறவினர்கள் நம்மவர்களில் நிறைய.

முதலில் ஒரு சின்ன வரலாற்றுச் செய்தி. பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் 195. சில பதிப்புகளில் 196. இவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. இருக்கை அசைவற்றும் சுகமாகவும் இருக்க வேண்டும், முயற்சி தளர வேண்டும், அப்போது குளிர் வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்கா என்பது அவற்றின் சாரம். காலை எங்கே வைப்பது, முதுகை எவ்வளவு வளைப்பது என்று ஒரு சொல் இல்லை. திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைச் சொல்லும்போது சில இருக்கைகளைக் குறிப்பிட்டுவிட்டு மூச்சுக் கணக்குக்குப் போய்விடுகிறார். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹட யோகப் பிரதீபிகையில் 15 ஆசனங்கள் வருகின்றன. பிணம்போல மல்லாந்து கிடக்கும் சவாசனம் களைப்பைப் போக்கி மனதுக்கு ஓய்வு தரும் என்று அந்த நூல் சொல்கிறது. ஓர் ஆசனத்துக்கும் மனநிலைக்கும் இப்படி நேராக முடிச்சுப் போடும் பழைய குறிப்புகளில் இது ஒன்று.

இன்று உலகெங்கும் வகுப்புகளில் நாம் செய்கிற, நின்றும் குனிந்தும் வளைந்தும் தொடராகச் செல்லும் ஆசன முறை பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் உருவானது. 1933இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியாரும், அவருடைய மாணவர்களான பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி போன்றவர்களும் இதை உருவாக்கியதில் முக்கியமானவர்கள். கிருஷ்ணமாச்சாரியார் பிறகு சென்னைக்கு வந்து, நூறு வயது கண்டு 1989இல் அங்கேயே மறைந்தார். இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. "யோகா" என்ற பெயரில் ஆய்வுக்கூடங்கள் சோதிப்பது ஆசனம், மூச்சு, ஓய்வு, கொஞ்சம் தியானம் எல்லாம் கலந்த ஒரு கதம்பத்தை. இதில் ஆசனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது எளிதல்ல.

பிரிக்கக்கூடிய இடத்திலிருந்து ஆரம்பிப்போம். அது புவியீர்ப்பு.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைவதால் அழுத்தம் விழப் பார்க்கிறது. கழுத்துத் தமனியின் சுவரிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. தமனிச் சுவர் விரியும்போது அதிகமாகவும் தளரும்போது குறைவாகவும் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புவது அவற்றின் வேலை. நின்றவுடன் செய்தி குறைகிறது. உடனே மூளைத்தண்டு பரிவு நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடுகிறது. இதயத் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து கூடுகிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. படுக்கும்போது இதற்கு நேர்மாறு. தமனிச் சுவர் விரிகிறது, உணரிகள் உரக்கப் பேசுகின்றன, வேகஸ் நரம்பு இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது.

இதில் சுவாரசியமானது, அந்தச் செய்தி இதயத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான். மூளைத்தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்ற மிகச் சிறிய பகுதி இருக்கிறது. மூளை முழுவதற்கும் நார்அட்ரினலினை அனுப்பி விழிப்பையும் உஷாரையும் கூட்டிக் குறைப்பது அதுதான். அழுத்த உணரிகளின் குரல் உயர்ந்தால் இந்தப் பகுதியின் சுறுசுறுப்பு தணிகிறது. ஆகவே நிற்கும் ஆசனங்கள் மூளையை ஒரு படி விழிப்பாக்குவதும், படுத்த நிலைகளும் இடுப்பை உயர்த்திக் காலைச் சுவரில் சாய்க்கும் விபரீதகரணியும் ஒரு படி அடக்குவதும் இதே சுற்றின் இரண்டு முனைகள். குண்டலினியை எழுப்பாமலே இவ்வளவு நடக்கிறது.

2009இல் அமெரிக்காவில் ஹார்மன்-ஜோன்ஸ், பீட்டர்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். மாணவர்களை ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, அதைப் பற்றி அவமானப்படுத்தும் விமர்சனத்தைக் கேட்க வைத்தார்கள். சிலர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள், சிலர் மல்லாந்து படுத்துக் கேட்டார்கள். நிமிர்ந்திருந்தவர்களின் மூளையின் இடது முன்பகுதியில், பாய்ந்து எதிர்கொள்ளும் கோபத்தோடு தொடர்புடைய மின்னலை மாறுதல் தெரிந்தது. படுத்திருந்தவர்களிடம் அது இல்லை. ஆனால் "கோபம் வந்ததா?" என்று கேட்டபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு கோபத்தைத்தான் சொன்னார்கள். படுத்தவருக்கும் கோபம் இருக்கிறது, அடிக்க எழும் உந்துதல்தான் இல்லை. நிற்கும்போது கோபம் வந்தால் உட்காருங்கள், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு நபிமொழி உண்டு. ஆய்வாளர்கள் மின்முனைகளை ஒட்டிக் கண்டது இதற்கு வெகு தூரத்தில் இல்லை.

ஆஸ்திரேலியாவில் லிப்னிக்கி, பைர்ன் என்பவர்கள் 2005இல் வெளியிட்ட இன்னொரு சிறு ஆய்வில், இருபது பேர் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட சொற்புதிர்களை நின்றதைவிடப் படுத்த நிலையில் சற்று வேகமாக விடுவித்தார்கள். மனக்கணக்கில் அப்படி வித்தியாசம் காணப்படவில்லை. உஷார் என்பது எல்லா வேலைக்கும் ஒரே மாதிரி உதவுவதில்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பொறி தட்ட வேண்டிய வேலைக்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும், வரிசையாகக் கவனம் செலுத்தும் வேலைக்கு நிமிர்வு வேண்டும். இருபது பேர் மட்டுமே என்பதை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிரசாசனத்துக்கு வருவோம். "மூளைக்கு இரத்தம் அதிகமாகப் போய் ஞாபகசக்தி கூடும்" என்று சொல்லிப் பிள்ளைகளைத் தலைகீழாக நிறுத்தும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அழுத்தம் ஏறினால் மூளையின் இரத்தக் குழாய்கள் தாமே சுருங்கியும், இறங்கினால் விரிந்தும், உள்ளே போகும் இரத்தத்தின் அளவைப் பெரும்பாலும் சீராக வைத்துக்கொள்கின்றன. நாம் குனிந்து செருப்பு மாட்டும்போதெல்லாம் மூளை வெள்ளத்தில் மூழ்காமல் இருப்பது இதனால்தான். தலைகீழாக நிற்பதால் முகம் சிவக்கும். அதைக் கொண்டு அறிவும் சிவந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. கண்ணின் கதை வேறு. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகப் பயிற்சியாளர்கள் 75 பேரைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காவதைக் கண்டார்கள். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் அந்த நோய் உள்ளவர்களுக்கும் இது சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது வழி மூச்சு. எந்த ஆசனமும் மார்புக்கூட்டையும் வயிற்றையும் ஏதோ ஒரு வடிவத்தில் பிடித்து வைக்கிறது. புஜங்காசனத்திலும் தனுராசனத்திலும் மார்பு விரிந்து உள்மூச்சு தூக்கலாகிறது. பச்சிமோத்தானாசனத்தில் வயிறு தொடையோடு ஒட்டி, ஆழமாக இழுக்க இடம் இல்லாமல், வெளிமூச்சு தானாக நீள்கிறது. உள்மூச்சில் இதயம் சற்று வேகமாகவும் வெளிமூச்சில் சற்று மெதுவாகவும் துடிக்கும் என்பதை மணிக்கட்டில் விரல் வைத்தே பார்க்கலாம். வெளிமூச்சு நீண்டால் வேகஸ் நரம்பின் ஆட்சி நீள்கிறது.

மூச்சு மனதைத் தொடும் இடத்தை எலிகளில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் சில ஆயிரம் நரம்பணுக்களுள் சுமார் 175 அணுக்கள் மட்டும் மேலே சொன்ன லோக்கஸ் செருலியஸோடு பேசுகின்றன என்று 2017இல் யாக்கிள் என்பவரும் குழுவினரும் எழுதினார்கள். அந்த 175ஐ அழித்த எலிகள் வழக்கம்போல மூச்சுவிட்டன. ஆனால் புதிய கூண்டில் விட்டால் பரபரவென்று மோப்பம் பிடித்து ஓடுவதற்குப் பதிலாக, ஒரு மூலையில் உட்கார்ந்து நிதானமாக உடம்பை நக்கிக்கொண்டிருந்தன. மூச்சு வேகமெடுத்தால் மூளையை எழுப்பிவிடும் கம்பி ஒன்று இருக்கிறது, அதை அறுத்தால் எலி முனிவராகிவிடுகிறது! மனிதரிலும் இப்படியே என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனாலும் மூச்சைப் பிடித்தால் மனம் பிடிபடும் என்று நம் முன்னோர்கள் சொன்னது எந்தத் திசையைக் காட்டியது என்பது புரிகிறது.

2001இல் இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டியின் குழு 23 பேரைக் கத்தோலிக்க ஜெபமாலையை இலத்தீனிலும், பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்ல வைத்தது. இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குக் கொண்டுவந்தன. இரத்த அழுத்தத்தில் இயல்பாகவே பத்து விநாடிக்கு ஒரு முறை எழுந்து தாழும் ஒரு மெல்லிய அலை இருக்கிறது. மூச்சும் அதே பத்து விநாடிக்கு வந்துவிட்டால் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. அழுத்த உணரிகளின் சுற்று கூடுதல் நுட்பத்தோடு வேலை செய்கிறது. நீட்டிப் பாடும் தேவாரத்துக்கும் இதே கணக்கு பொருந்த வேண்டும் என்பது என் ஊகம். ஆசனத்தில் நிற்கும்போது ஆசிரியர் "ஐந்து மூச்சு" என்று எண்ணுவார். அந்த ஐந்தை இருபது விநாடியில் முடிப்பவருக்கும் ஐம்பது விநாடியில் முடிப்பவருக்கும் கிடைப்பது ஒரே ஆசனம் ஆகாது.

மூன்றாவது வழி கவனம். விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். உள்ளங்கால், கணுக்கால், உள்காது, கண் நான்கும் அனுப்பும் செய்திகளைச் சிறுமூளை நொடிக்கு நொடி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிரே சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தால் நிற்க முடிகிறது. பார்வை அலைந்தால் கால் ஆடுகிறது. கண்ணை மூடினால் பலர் இரண்டு விநாடியில் காலை ஊன்றிவிடுவார்கள். அடுத்த மாதம் கட்ட வேண்டிய வீட்டுக் கடனை நினைத்தபடி இந்த ஆசனத்தில் நிற்பது கடினம். கவனம் சிதறியது என்ற செய்தி உடனே, தண்டனையோடு வந்துவிடுகிறது. சும்மா உட்கார்ந்து தியானம் செய்பவருக்கு மனம் ஓடிப்போனது ஐந்து நிமிடம் கழித்துத்தான் தெரியும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்குத் தியானத்தைவிட ஆசனம் எளிய கவனப் பயிற்சியாக அமைவதற்கு இந்த உடனடிச் செய்தியே காரணம் என்று நினைக்கிறேன். நீட்டிப் பிடிக்கும் மற்ற ஆசனங்களிலும் தசையின் இழுப்பு இதே வேலையைச் செய்கிறது. மனம் போய் உட்கார உடம்பில் ஓர் இடம் கிடைக்கிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நேஹா கோத்தே என்ற ஆய்வாளர், சகாக்களோடு சேர்ந்து, 30 கல்லூரிப் பெண்களை ஒரு நாள் இருபது நிமிடம் யோகாவும், வேறொரு நாள் இருபது நிமிடம் ஓடுபொறியில் வியர்க்கும் உடற்பயிற்சியும் செய்ய வைத்தார். பிறகு கவனச் சோதனைகள். 2013இல் வெளியான முடிவுப்படி யோகாவுக்குப் பின் விடைகள் வேகமாகவும் சரியாகவும் இருந்தன. ஓடுபொறிக்குப் பின் அந்த முன்னேற்றம் இல்லை. பின்னர் முதியவர்கள் 118 பேரை இரண்டாகப் பிரித்து, எட்டு வாரம், வாரம் மூன்று முறை என்று ஒரு குழுவுக்கு யோகாவும் மற்றதற்கு நீட்டி மடக்கி வலுவூட்டும் சாதாரணப் பயிற்சியும் கொடுத்தார்கள். நினைவில் பிடித்து வேலை செய்வது, ஒரு வேலையிலிருந்து மற்றதற்குக் கவனத்தை மாற்றுவது ஆகியவற்றில் யோகா குழு முன்னேறியது. இரண்டாவது ஆய்வை முக்கியமானதாகக் கருதுகிறேன். இரு குழுவும் உடம்பை நீட்டினார்கள், மடக்கினார்கள். வித்தியாசம் மூச்சிலும் உள்நோக்கிய கவனத்திலும்தான் பெரும்பாலும் இருந்திருக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டே ஆசனம் போடுபவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல.

இங்கே பெங்களூர் ஆய்வு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஷெர்லி டெலஸ் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் "சுழல் தியானம்" என்று மொழிபெயர்க்கத்தக்க ஒரு முறையைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். சில ஆசனங்கள், உடனே படுத்து ஓய்வு, மறுபடி ஆசனம், மறுபடி ஓய்வு என்று போகிறது அது. சோர்ந்த மனதை எழுப்பு, அலையும் மனதை அடக்கு என்ற பழைய உபநிடத உரைக் கருத்திலிருந்து பிறந்தது. 2000இல் வெளியான அளவீட்டில், இந்த முறைக்குப் பின் உடம்பு எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் 32 சதவிகிதம் குறைந்தது. அதே நேரம் சவாசனத்தில் மட்டும் கிடந்தவர்களுக்குக் குறைந்தது 10 சதவிகிதம். ஓய்வு மட்டும் எடுத்தவர்களைவிட, உடம்பை முறுக்கிவிட்டு ஓய்வு எடுத்தவர்கள் ஆழமாக ஓய்ந்தார்கள்! எழுத்துக் கூட்டத்தில் குறிப்பிட்ட எழுத்துகளைத் தேடி அடிக்கும் கவனச் சோதனையிலும், 2007இல் வெளியான முடிவுப்படி, சவாசனத்தைவிட இந்த முறைக்குப் பின் மதிப்பெண் அதிகம் கூடியது. வகுப்பு முடிவில் வரும் சவாசனம் ஏன் வீட்டில் சோபாவில் கிடப்பதைப்போல இருப்பதில்லை என்பதற்கு இது ஒரு விடை. வகுப்பு நேரம் போதவில்லை என்று சவாசனத்தை இரண்டு நிமிடமாக வெட்டும் ஆசிரியர்கள், சமைத்துவிட்டுப் பரிமாறாமல் எழுந்து போகிறவர்கள்.

தோப்புக்கரணத்தைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கேட்பார்கள். பிள்ளையார் முன் காதைப் பிடித்து உட்கார்ந்து எழும் இதை "சூப்பர் பிரெய்ன் யோகா" என்று பெயர் மாற்றி வெளிநாடுகளில் பரப்பினார்கள். இடக்கை வலக்காதைப் பிடித்தால் மூளையின் இரு பாதியும் சமநிலைக்கு வருகிறது என்பது அவர்கள் வாதம். அதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. உட்கார்ந்து எழுவதால் இதயம் வேகமெடுக்கும், தூக்கம் கலையும், எண்ணிக்கொண்டே செய்வதால் கவனம் ஓரிடத்தில் நிற்கும். மந்தமாக இருக்கும் பையன் கணக்குப் புத்தகத்தைத் திறக்க அது போதும். காதை விட்டுவிட்டாலும் போதும் என்றே தோன்றுகிறது, ஆனால் பிள்ளையார் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

இனி மனநிலை. பாஸ்டன் பகுதியில் கிறிஸ் ஸ்ட்ரீட்டர் என்ற மருத்துவர் மூளையில் உள்ள காபா என்ற வேதிப்பொருளை அளந்தார். நரம்பணுக்களின் படபடப்பை அடக்கும் பொருள் அது. டயஸிபாம் போன்ற மாத்திரைகள் வேலை செய்வது அதன் வழியாகத்தான். 2007இல், பழக்கமுள்ள எட்டுப் பேர் ஒரு மணி நேரம் யோகா செய்த பின் காபா 27 சதவிகிதம் கூடியிருந்தது. ஒரு மணி நேரம் புத்தகம் படித்த பதினொருவருக்கு மாறவில்லை. "எந்த உடற்பயிற்சிக்கும் அப்படித்தானே?" என்ற கேள்வி உடனே வரும். அதற்காக 2010இல் 19 பேரை யோகாவிலும் 15 பேரைச் சம அளவு நடைப்பயிற்சியிலும் பன்னிரண்டு வாரம் வைத்துப் பார்த்தார்கள். யோகா குழுவின் மனநிலை கூடுதலாக மேம்பட்டது, பதற்றம் கூடுதலாகக் குறைந்தது. மூளையின் தலாமஸ் பகுதியில் காபா கூடியதற்கும் மனநிலை மேம்பட்டதற்கும் தொடர்பு தெரிந்தது. எண்ணிக்கை சிறியது, வழி நம்பத்தகுந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த ஆசனம் எந்த மனநிலைக்கு? பின்வளைவுகள் உற்சாகம் தரும், முன்வளைவுகள் அமைதி தரும் என்பது ஐயங்கார் வழியினரின் நம்பிக்கை. 2004இல் கலிபோர்னியாவில் ஷபிரோ, கிளைன் செய்த சிறு முன்னோட்ட ஆய்வில் பின்வளைவுகளுக்குப் பிறகு நல்ல மனநிலை அதிகமாகக் கூடியது உண்மைதான். ஆனால் செய்தவர்கள் ஏற்கெனவே ஐயங்கார் முறையில் பழகியவர்கள். எந்த ஆசனம் என்ன செய்யும் என்று பாடம் கேட்டவர்கள். எதிர்பார்ப்பும் ஒரு மருந்து. இதே இடத்தில் வேறொரு துறை பட்ட அடியை நினைவு வைத்துக்கொள்வது நல்லது. கைகால் விரித்து அதிகாரத் தோரணையில் இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன்களே மாறிவிடும் என்று 2010இல் 42 பேரை வைத்து எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. 2015இல் 200 பேரிடம் திரும்பச் செய்தபோது, தெம்பாக உணர்வதாகச் சொன்னார்கள், ஹார்மோன் அசையவில்லை. 2016இல் மூல ஆசிரியர்களில் ஒருவரே தமக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது என்று அறிவித்தார். பின்வளைவு உற்சாகம் தருவதாக உணர்ந்தால் செய்யுங்கள். ஆனால் "இன்ன வியாதிக்கு இன்ன ஆசனம்" என்று மருந்துச் சீட்டு போல அச்சடித்து வரும் பட்டியல்களுக்கு ஆதாரம் அவ்வளவு திடமானதல்ல.

நோய் என்று வரும்போது கணக்கு இன்னும் கறாராக வேண்டும். மனச்சோர்வுக்கு எந்த உடற்பயிற்சி உதவும் என்று 218 ஆய்வுகளை, பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நடை அல்லது ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவை முன்னணியில் இருந்தன. அதே கட்டுரை தன் முடிவுகளில் பலவற்றுக்கு நம்பகத்தன்மை குறைவு என்றும் சொன்னது. பத்திரிகைகள் முதல் பாதியை மட்டும் போட்டன. மருந்து எடுத்தும் சோர்வு விடாத 122 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் யோகா செய்தவர்களுக்கும் பத்து வாரம் உடல்நலப் பாட வகுப்புக்குப் போனவர்களுக்கும் முடிவில் உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. யோகாவின் நன்மை அதற்குப் பின் வந்த மாதங்களில்தான் தலைகாட்டியது.

பதற்ற நோய்க்கு நடந்த ஒரு பெரிய ஒப்பீடு இன்னும் தெளிவு. 226 பேர், பன்னிரண்டு வாரம், மூன்று வழிகள். சிந்தனையையும் நடத்தையையும் சீராக்கும் உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவிகிதத்தினருக்கும், குண்டலினி யோகா செய்தவர்களில் 54 சதவிகிதத்தினருக்கும், மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் 33 சதவிகிதத்தினருக்கும் நல்ல பலன் தெரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது உளவியல் சிகிச்சையின் நன்மை நிலைத்திருந்தது. யோகாவுக்கும் வெறும் பாடத்துக்கும் உள்ள இடைவெளி மங்கிவிட்டது. ஆசனத்தின் விளைவு சமையல் மாதிரி; நேற்று சாப்பிட்டது இன்று பசிக்கு ஆகாது. மாத்திரை எடுப்பவர் மாத்திரையோடு யோகாவைச் சேர்த்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. மாத்திரையைக் குறைப்பது பற்றி முடிவெடுக்க வேண்டியவர் அதை எழுதிக்கொடுத்த மருத்துவர். சித்தப்பாவும் அல்ல, யோகா ஆசிரியரும் அல்ல.

வீட்டில் செய்பவர்கள் இவற்றையெல்லாம் எப்படிப் பயன்படுத்தலாம்? மந்தமாக, எதிலும் ஈடுபாடில்லாமல் இருக்கும் காலை வேளைக்கு நிற்கும் ஆசனங்களும் மிதமான பின்வளைவுகளும் சூரிய நமஸ்காரமும் பொருந்தும். அலுவலகத்திலிருந்து கொதிப்போடு வந்த மாலைக்கு நேரே போய்ச் சவாசனத்தில் விழுந்தால் மனம் இன்னும் வேகமாக ஓடும்; அப்போது ஒற்றைக் கால் நிலை, திரிகோணாசனம் என்று கொஞ்சம் உடம்பை வேலை வாங்கிவிட்டு, முன்வளைவு, சுவரில் கால், பிறகு சவாசனம் என்று இறங்குவது நல்லது. பெங்களூர் ஆய்வு காட்டிய பாதை அதுதான். இருபது நிமிடம் போதும் என்று இல்லினாய் ஆய்வு சொல்கிறது. அவசரமாகப் படிக்க உட்காரும் முன் பத்து நிமிடம் விருட்சாசனமும் மெல்லிய மூச்சும் ஒரு கோப்பைக் காப்பிக்குப் பதிலாக இல்லாவிட்டாலும் காப்பியோடு சேர்த்து உதவும். இரத்தக் கொதிப்பு, கண் நீர் அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்வு உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களின் பக்கம் போக வேண்டாம். அமைதிக்கு விபரீதகரணியே தாராளம், அதையும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

கண்ணை மூடி மல்லாந்து கிடப்பது எல்லோருக்கும் அமைதி தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போரையும் சிறையையும் வன்முறையையும் கடந்து வந்தவர்கள் நம்மிடையே பலர். இருட்டான அறையில், பின்னால் யார் நடக்கிறார்கள் என்று தெரியாமல் கிடக்கும்போது அவர்களுக்கு இதயம் அடித்துக்கொள்ளலாம், பழைய காட்சிகள் திரும்பலாம். வேறு சிகிச்சைகளுக்கு மசியாத அதிர்ச்சிப் பாதிப்பு உள்ள 64 பெண்களிடம் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவர் பத்து வாரம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், யோகா குழுவில் 52 சதவிகிதத்தினர் நோயின் வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 21 சதவிகிதம். இப்படிப்பட்டவர்களுக்கென்று அமைத்த யோகா வகுப்புகளில் ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. எந்த நிலையையும் செய்யாமல் விடவும், பாதியில் நிறுத்தவும் உரிமை உண்டு. கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம். சாதாரண வகுப்புக்குப் போகிறவர்களும் இதை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: வாசலைப் பார்த்தபடி பாயை விரித்து, முதுகைச் சுவரோடு சாய்த்து உட்கார்ந்தே கடைசி ஓய்வை எடுக்கலாம், ஆசிரியரிடம் "தொட வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடலாம்.